வருத்தக்காரரை வீட்டில் வைத்துக்கொண்டு உழைப்பது: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்து எட்டு வருசம். அதற்கு முன்பு அவர் லாண்ட்மாஸ்டர் ஓட்டினார், நான் வீட்டோடு இருந்தேன். இப்போது அரிசிமா, மிளகாய்த்தூள், கொஞ்சம் தையல், ஏழெட்டுக் கோழி என்று வீடு ஓடுகிறது. கிளிநொச்சியில் கிளினிக் வரிசையில் நிற்கும்போதும், மில்லில் அரிசி திரிக்கக் காத்திருக்கும்போதும், மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வரும்போதும் என்னிடம் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைப் போட்டிருக்கிறேன். பதில்கள் என் அனுபவம், அக்கம்பக்கத்தில் பார்த்தது. நான் மருத்துவரும் இல்லை, வங்கிக்காரியும் இல்லை.

இவரை விட்டுட்டு ஒரு இடமும் போகேலாது அக்கா. வீட்டில இருந்து செய்யிறதெண்டா எதில தொடங்கிறது?

எது கூட லாபம் என்று தேடித் தொடங்க வேண்டாம். பாதியில் போட்டுவிட்டு எழும்பக்கூடிய வேலை எது என்று முதலில் பாருங்கள். கிடுகு பின்னிக்கொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டால் ஓலையைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், அரை மணித்தியாலம் கழித்து வந்தாலும் ஓலை அப்படியே கிடக்கும். எண்ணெய்த் தாச்சியில் முறுக்கைப் போட்டுவிட்டுப் போக முடியுமா? ஒன்றில் முறுக்குக் கருகும், இல்லாவிட்டால் அவர் படுக்கையை நனைத்துக்கொண்டு கிடப்பார், இரண்டும் நடந்த வீடு என் வீடு.

அப்படிப் பார்த்தால் தையல், பனையோலைப் பெட்டி, நீத்துப்பெட்டி, மிளகாய்க் காம்பு முறிப்பது, வெங்காயம் உள்ளி உரித்துக் கொடுப்பது, மோர்மிளகாய், ஒடியல் எல்லாம் நல்லவை. அரிசிமா வறுப்பது நடுத்தரம், சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடலாம். எண்ணெய்ப் பலகாரம், காலையில் கடைக்கு நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய இடியப்பம், கலியாண ஓடர் இவையெல்லாம் வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் மட்டும். காசு அதில்தான் கூட, தெரியும். ஆனால் ஒரு ஓடரைப் பிழைக்கவிட்டால் அந்த வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் சொல்லுவார்.

ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம்?

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். வீட்டுக்கு அனுப்பும்போதே தாதிமார் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். அதையே உங்கள் மணிக்கூடாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரட்டலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில், சாப்பாடு, துடைப்பு, குளிசை எல்லாம் போக, உருப்படியாகக் கிடைப்பது ஒரு மணித்தியாலம். ஆகவே எந்த வேலையையும் ஒரு மணித்தியாலத் துண்டுகளாக வெட்டிப் பழகுங்கள். நான் ஒரு சட்டையை வெட்டுவது ஒரு துண்டு, தைப்பது இரண்டு துண்டு, பொத்தானும் காஜாவும் இன்னொரு துண்டு.

விடிய நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அவர் நல்ல நித்திரை. அந்த இரண்டு மணித்தியாலம்தான் என் நாளிலேயே உடையாத நேரம், அடுப்பு வேலையை அதற்குள் முடித்துவிடுவேன். உங்கள் வீட்டில் அது மத்தியானமாக இருக்கலாம். ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதிப் பாருங்கள், எந்த நேரம் ஒருவரும் உங்களைக் கூப்பிடவில்லை என்று தெரியும்.

கையில காசே இல்லை. முதல் எவ்வளவு வேணும்?

என்ன தொழில் என்பதைப் பொறுத்தது, ஆனால் முதல் மாதத்துக்கு வீட்டில் இருப்பதை வைத்தே தொடங்கலாம். அடுப்பும் தாச்சியும் சுளகும் அரிதட்டும் இல்லாத வீடு வன்னியில் இல்லை. நான் ஐந்து கிலோ அரிசியோடு தொடங்கினேன். அந்த மா விற்ற காசில் அடுத்த ஐந்து கிலோ, பிறகு பத்து. பொலித்தீன் சீல் பண்ணுகிற சின்ன மெஷினை நாலாம் மாதம்தான் வாங்கினேன், அதுவரை மெழுகுதிரியில் காட்டி ஒட்டினேன், அழகாக வராது, ஆனால் விற்றது.

லோன்காரர் வீட்டுக்கே வந்து தாறன் எண்டு நிக்கினம். எடுக்கலாமோ?

என்னைக் கேட்டால் வேண்டாம். நானும் எடுத்தவள்தான், அந்த நிறுவனத்தின் பேர் இங்கே தேவையில்லை. 50,000 எடுத்துக் கிழமைக்கு 1,250 ரூபாய் வீதம் 52 கிழமை கட்டினேன். மொத்தம் 65,000. முப்பது வீத வட்டி என்று சொன்னார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே நீங்கள் முதலையும் திருப்பிக் கொடுக்கிறீர்கள், ஆகவே வருசம் முழுவதும் சராசரியாக உங்கள் கையில் இருப்பது பாதிக்காசுதான். அந்தப் பாதிக்கு 15,000 ரூபாய் வட்டி என்று பாருங்கள், அறுபது வீதத்துக்குக் கிட்டப் போகும். அரிசிமாவில் அந்த லாபம் ஒருக்காலும் வராது.

இன்னொரு விஷயம், கிழமைத் தவணை உங்கள் வீட்டு வருத்தத்துக்காகக் காத்திருக்காது. இவர் வாட்டில் கிடந்த கிழமை குழுவில் இருந்த மற்றப் பெண்கள் என் தவணையைச் சேர்த்துக் கட்டினார்கள், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு இது போனது, மறந்துவிட்டோம். கட்டாயம் கடன் வேண்டுமென்றால் உங்கள் கிராமத்துச் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராகி, சேமித்து, அங்கே கேளுங்கள். மெதுவாகத்தான் வரும்.

வெளிநாட்டில இருக்கிற தம்பி முதல் போடுறன், பெரிய மெஷினே வாங்கு எண்டுறான்.

தம்பியின் காசை வாங்குங்கள், மெஷினை இப்போது வாங்க வேண்டாம். ஆறு மாதம் கையால் செய்து, எவ்வளவு விற்கிறது என்று தெரிந்த பிறகு பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் புது மாத்திரிக்கும் மெஷின் உறையோடு நிற்கிறது, மேலே கோழி முட்டையிடுகிறது. காசு கடனா உதவியா என்பதை அவனுடைய மனிசிக்கும் தெரிகிற மாதிரி முதலிலேயே கதைத்துவிடுங்கள்.

அரிசிமாவுக்கு விலை எப்பிடிப் போடுறது? கடைக்காரன் 350 எண்டுறான், நீங்கள் 400 எண்டுறியள்.

கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒரு கிலோ அரிசி 220 ரூபாய் என்று வைப்போம். திரிக்க 30, விறகு 25, பொலித்தீனும் லேபிளும் 20. மொத்தம் 295. ஊறவைத்துத் திரித்து வறுத்து அரித்தால் என் கைக்கு வருவது 900 கிராம் அளவு, அப்படியென்றால் ஒரு கிலோ மாவின் அடக்கவிலை கிட்டத்தட்ட 328. கடைக்காரருக்கு 350க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 22 ரூபாய். நேரே வீடுகளுக்கு 400க்குக் கொடுத்தால் 72 ரூபாய். பத்துக் கிலோ வறுக்க எனக்கு ஐந்து மணித்தியாலம், அதாவது மணித்தியாலத்துக்கு 144 ரூபாய். கடை விலைக்குப் போட்டால் 44. உங்கள் ஊரில் விலைகள் வேறாக இருக்கும், கணக்கு இதேதான்.

அரிசி விலைதான் இதில் பெரிய துண்டு. காலபோக அறுவடை முடிந்து மாசி பங்குனியில் நெல் மலிவாகப் போகும்போது நாலைந்து மூட்டையாவது வாங்கி வைத்துக்கொண்டால் ஐப்பசி கார்த்திகையில் அந்த 220 வேறு மாதிரித் தெரியும். எலிக்கு மட்டும் வழி பாருங்கள். காய வைக்கிற எதையும், மிளகாயோ ஒடியலோ மோர்மிளகாயோ, மாரி தொடங்கினால் மறந்துவிடுங்கள். அந்த மாதங்களுக்குத் தையலை வையுங்கள்.

காளான் வளர்த்தா நல்ல காசாமே? இல்லாட்டி கோழி?

வீட்டில் இருப்பவருக்கு என்ன வருத்தம் என்று பார்த்துவிட்டுத்தான் பதில். சிப்பிக்காளான் விரிந்தால் கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூள் பறக்கும், அது நெஞ்சைப் பிடிக்கும். முட்டு வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்குள் காளான் கொட்டில் வைக்கவே கூடாது. மிளகாய் வறுப்பதும் அப்படித்தான், எங்கள் வீட்டில் அதை வளவின் மூலையில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செய்வேன். தவிர, காளானைப் பறித்தால் அன்றைக்கே விற்க வேண்டும், நீங்கள் கிளினிக்கில் நிற்கும் நாளிலும் அது விரியும்.

நாட்டுக்கோழி பரவாயில்லை. அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு, அந்தக் குஞ்சு முட்டையிட ஐந்தாறு மாதம், ஆகவே உடனே காசு எதிர்பார்க்க வேண்டாம். ராணிக்கட் நோய் வந்தால் ஒரு கிழமையில் கூடு காலியாகிவிடும், அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். கீரிக்குத் தடுப்பூசி இல்லை, நல்ல கூடுதான். சிறுநீரகம் மாற்றியவர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் குளிசை போடுபவர் வீட்டில் இருந்தால் கோழி வைப்பதற்கு முன்பு கிளினிக்கில் மருத்துவரைக் கேளுங்கள். கோழி எச்சம் அவர்களுக்கு ஆகாது.

டயலிசிஸ் நாளில வீட்டிலேயே இல்லை. பிறகென்ன தொழில்?

இந்தக் கேள்வி வவுனியாப் பக்கத்திலிருந்துதான் கூட வருகிறது, அங்கே சிறுநீரக வருத்தம் எத்தனை வீட்டில் என்று உங்களுக்கே தெரியும். இரத்தம் சுத்திகரிக்க ஒருமுறைக்கு ஏறக்குறைய நாலு மணித்தியாலம், கிழமைக்கு இரண்டு மூன்று முறை, அதோடு பஸ்ஸும் காத்திருப்பும். அந்த நாட்கள் போனவைதான். தினமும் கொடுக்க வேண்டிய எதையும், பால், இடியப்பம், தோசை, எடுக்க வேண்டாம். கெடாத சாமானாக இருக்கட்டும்.

காத்திருக்கிற நேரத்தில் கையில் ஏதாவது வைத்திருங்கள். நெடுங்கேணிப் பக்கத்து அக்கா ஒருவர் வாட்டுக்கு வெளியே இருந்து சாறிக்குக் குஞ்சம் கட்டுவார், மற்றவர்கள் பார்த்துவிட்டு அங்கேயே ஓடரும் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில செய்து விக்க ஆரிட்ட அனுமதி எடுக்கோணும்?

அயல் வீட்டுக்கு ஒரு கிலோ மா கொடுக்க ஒருவரும் கேட்க மாட்டார்கள். கடைக்குப் போட, வெளி மாவட்டத்துக்கு அனுப்ப என்று வந்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள், முதலில் கிராம அலுவலரிடம் போக வேண்டும். சாப்பாட்டுச் சாமான் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டுக் குசினிக்கும் சேர்த்துத்தான். அவர் வருவதற்கு முன்பே போய்க் கேட்டால் நல்ல மாதிரிச் சொல்லித் தருவார். பைக்கற்றில் சாமானின் பேர், உள்ளே என்னென்ன, நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, உங்கள் விலாசம், விலை இருக்கட்டும்.

பிரதேச செயலகத்துக்குப் போகிற அன்றைக்கே விதாதா வள நிலையத்தையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். பொதியிடுவது, பழுதாகாமல் வைப்பது எல்லாம் சின்ன உற்பத்தியாளருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு அலைச்சலை ஒன்றாக்குவதும் உழைப்புத்தானே.

உழைக்கிறன் எண்டு தெரிஞ்சா அஸ்வெசும வெட்டிப்போடுவினமோ?

எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி. இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். 2023இல் தொடங்கிய அஸ்வெசும, அதாவது அரசு தருகிற குடும்பக் கொடுப்பனவு, வருமானத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை, கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு, குடும்பத்தில் யார் யார் என்று பலதையும் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான கொடுப்பனவு வேறு, அது 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கப்பட்டது. இவருக்கு அது கிடைக்க வேண்டியதா என்று சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டீர்களா? கேட்காமலே இருப்பவர்கள்தான் கூட.

பொய் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. மாதம் 8,000 உழைக்கிறேன், மருந்துக்கும் போக்குவரத்துக்கும் 6,000 போகிறது என்று கொப்பியைக் காட்டிக் கதைத்தால் கேட்பவருக்கும் எழுத ஒன்று கிடைக்கும்.

ஃபோனில செய்யிற வேலை எண்டு வருது, லைக் போட்டா காசாம். உண்மையோ?

இல்லை. முதலில் ஐநூறு ஆயிரம் உண்மையாகவே போடுவார்கள், பிறகு "மேல் கட்டத்துக்கு" நீங்கள் பத்தாயிரம் வைப்பிலிடச் சொல்லுவார்கள், அதோடு சரி. வேலை தருவதற்கு உங்களிடம் காசு கேட்கிற எதுவும் வேலை இல்லை. ஆள் சேர்த்தால் கொமிசன் என்பது பிரமிட் திட்டம், இலங்கையில் சட்டப்படி குற்றம், மத்திய வங்கி எத்தனை தரம் எச்சரித்தும் ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் தாலிக்கொடியை அடகு வைக்கிறார்.

உண்மையான வேலையும் உண்டு. தமிழ் தட்டச்சு, சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்தால் மொழிபெயர்ப்பு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் அல்லது சங்கீதம் படிப்பிப்பது. நேரத்தை மட்டும் பாருங்கள். லண்டனில் பின்னேரம் ஐந்து மணி என்றால் இங்கே கோடையில் இரவு ஒன்பதரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பத்தரை. சனிக்கிழமை காலை பத்து மணி வகுப்பு என்றால் நமக்குப் பின்னேரம் இரண்டரை அல்லது மூன்றரை, அது சுகம். வகுப்பு ஓடுகிற நேரம் முதல் கேள்வியில் சொன்ன மாதிரிப் பாதியில் எழும்ப முடியாத நேரம், ஆகவே புரட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

நான் ஆம்பிளை. மனிசிக்குத்தான் வருத்தம். மா வறு, கோழி வள எண்டா சனம் சிரிக்காதோ?

சிரிக்கும். ஒரு மாதம் சிரிக்கும். அண்ணை, உங்களுக்குக் கைத்தொழில் ஏதும் தெரிந்தால் வாசலில் கொட்டில் போடுங்கள், சைக்கிள் ஒட்டு, ஃபோன் திருத்தம், தண்ணீர்ப் பம்பு திருத்தம். முல்லைத்தீவுக் கரையில் என்றால் வலை பொத்துவது இருக்கிறதே, பாதியில் போட்டு எழும்ப அதைவிட நல்ல வேலை இல்லை. மனிசியைக் குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற அவவின் தங்கச்சியோ அயலில் ஒரு பெண்ணோ ஒரு நேரம் வருவதற்குக் கொஞ்சக் காசு கொடுத்தாலும் பிழையில்லை, அந்த நேரத்தில் நீங்கள் சாமான் வாங்கிவரலாம். அடுக்களைக்குப் பழகத்தான் வேண்டும், அதற்கு வேறு வழி எனக்குத் தெரியாது.

சொந்தக்காரர் கடனுக்கு வாங்கிப்போட்டுக் காசு தரினமில்லை. கேக்கவும் வெக்கமாக்கிடக்கு.

இதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. கொப்பியை வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன், வாங்குபவர் கையாலேயே பேரும் தொகையும் எழுத வேண்டும். கொஞ்சம் வேலை செய்கிறது. மச்சாளிடம் வேலை செய்யவில்லை.

நான் உழைக்கத் தொடங்கினதில இருந்து இவருக்குக் கோவம். சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிடுறார்.

நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, வீட்டில் எல்லாரும் ஏதோ செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதை யோசித்துப் பாருங்கள். என்றாலும் கோப்பையைத் தட்டிவிடுவது உங்களுக்கு வலிக்காமல் விடாது, அதையும் நான் இல்லை என்று சொல்லவில்லை. பாரிசவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவதும் உண்டு, கிளினிக்கில் சொன்னால் பார்ப்பார்கள், கட்டாயம் சொல்லுங்கள்.

என் வீட்டில் மாறியது லேபிளால்தான். இடக்கையால் ஒட்டித்தாருங்கள் என்று ஒருநாள் பைக்கற்றுகளைக் கட்டிலில் வைத்தேன். கோணல் மாணலாகத்தான் ஒட்டினார், இன்னும் அப்படித்தான். ஒருமுறை அவசரத்தில் நானே நேராக ஒட்டிக் கொடுத்தபோது "இது உங்கட மாவோ?" என்று கடைக்காரர் சந்தேகப்பட்டார், அதைச் சொன்னதும் இவர் சிரித்த சிரிப்பு. கணக்கும் இப்போது அவர்தான், மனதால் கூட்டுவார், நான் எழுதுவேன். அவருக்கு முடிந்ததைக் கொடுங்கள், ஆனால் இத்தனை முடிக்க வேண்டும் என்று எண்ணிக்கை போட வேண்டாம்.

வங்கிக் கணக்கு, காணி எல்லாம் இவற்ற பேரில. கையெழுத்து வைக்கேலாது. என்ன செய்யிறது?

புத்தி தெளிவாக இருக்கிற காலத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது, தள்ளிப்போட வேண்டாம். கை வராவிட்டால் பெருவிரல் அடையாளம் இருக்கிறது, என்ன வேண்டும் என்று வங்கி முகாமையாளரிடம் நேரே கேளுங்கள். அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காக நீங்கள் கையெழுத்து வைக்க அதிகாரம் தருகிற பத்திரம், எழுதுவதென்றால் தான் எதற்கு ஒப்புக்கொள்கிறேன் என்பது அவருக்கு விளங்க வேண்டும், நினைவு தப்பிய பிறகு அதை எழுத முடியாது. உங்கள் தொழில் காசுக்கு முதல் நாளிலிருந்தே உங்கள் பேரில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காசோடு கலந்தால், விலைக் கேள்வியில் போட்ட கணக்கு ஒன்றும் நிற்காது.

கோவிக்காதேங்கோ அக்கா, உங்களுக்கு மாதம் எவ்வளவு வருது?

கோபமில்லை, எல்லாரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடுவது இதுதான். தீபாவளி, தைப்பொங்கல், பள்ளிக்கூடம் தொடங்கும் காலம் என்று தையலும் மாவும் சேர்ந்து வந்தால் 20,000 தாண்டும். சாதாரண மாதம் பத்துப் பன்னிரண்டு. போன வருசம் இவருக்கு நெஞ்சில் சளி கட்டி இரண்டு கிழமை வாட்டில் வைத்திருந்த மாதம் 1,900 ரூபாய், அதுவும் முட்டைக் காசு, பக்கத்து வீட்டுப் பிள்ளை பொறுக்கி விற்றுத் தந்தது. இந்தக் கிழமை இதுவரை 31 பைக்கற் மா போயிருக்கிறது. ஏழு பேர் இன்னும் காசு தரவில்லை, அதில் இரண்டு மச்சாளுடையது.